கட்டுச்சோறும் கல்வெட்டும்

தோவாளைப் பூச்சந்தையில், ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று இன்னும் குளிர் நீங்காமல் வீசிக்கொண்டிருக்கிற வைகறை வேளையில், பிச்சியும் கிரேந்தியும் அரளியும் கொழுந்தும் மூட்டை மூட்டையாகக் கைமாறுகிற சந்தடிக்கு நடுவே, ஓரமாய் உட்கார்ந்து சரம் தொடுத்துக்கொண்டிருக்கிற ஒரு தாயிடம் போய், 'உங்கள் குடும்பத்தின் ஆண்டு வருமானம் எவ்வளவு அம்மா?' என்று கேட்டால், அவள் நம்மை ஏற இறங்கப் பார்ப்பாளே ஒழிய விடை சொல்லமாட்டாள். மறைக்கவேண்டும் என்ற எண்ணத்தால் அன்று. அவளுக்கே அது தெரியாது. ஓணத்தை ஒட்டிய நாட்களில் கிலோ ஆயிரம் ரூபாயையும் தாண்டி ஏறிவிடுகிற பிச்சிப்பூ, விழாவும் முகூர்த்தமும் இல்லாத வாரங்களில் கேட்பாரற்றுக் கிடக்கும். தொடுக்கிற கைக்குக் கூலியோ, தொடுத்த அளவுக்குத்தான். இத்தகைய ஜீவனத்தை ஆண்டுக் கணக்கில் அடக்கி ஒரே இலக்கமாக எழுதித் தரவேண்டும் என்பது, திருவிதாங்கூர்க் காலத்துப் பார்வத்தியக்காரர் முதல் இன்றைய கிராம நிர்வாக அலுவலர் வரை எவருக்கும் எளிதாக இருந்திராது. ஆயினும், அவள் மகள் கல்லூரிக்குப் போக உதவி கேட்டு எழுதுகிற எந்த விண்ணப்பத்திலும் முதலில் நிரப்பவேண்டிய கட்டம் அதுவே.

அந்த உதவிக்கு நம் தாத்தாக்கள் வழங்கிய பெயர் 'உபகாரச் சம்பளம்'. இப்போது 'கல்வி உதவித்தொகை' என்கிறோம். பெயர் தூய்மை அடைந்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் பழைய சொல்லில் ஒரு நுட்பம் இருந்தது. வடமொழியில் 'சம்பலம்' என்றால் வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற சோறு. கல்வி ஒரு பிரயாணம் என்றும், அதற்கு வேண்டுவது சத்திரக் கட்டணம் மட்டுமன்று, மூட்டையில் கட்டிய சோறுமே என்றும் அந்தச் சொல் நமக்கு அறிவித்துக்கொண்டிருந்தது. கடல் கடந்து வாழ்கிற பழைய மாணவர்களிடம் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி கேட்பது இன்று எங்கும் வழக்கமாகிவிட்ட நிலையில், அவர்களிடம் நாம் கேட்பது கட்டுச்சோறா, கல்வெட்டா என்று ஒருமுறை நின்று யோசிப்பது தகும்.

கல்வெட்டுக்குப் பஞ்சமில்லை. 2023-ஆம் ஆண்டில், தாம் சேர்ந்து ஐம்பது ஆண்டு நிறைந்ததை முன்னிட்டுப் பம்பாய் ஐ.ஐ.டி.க்கு 315 கோடி ரூபாய் அளித்தார் நந்தன் நிலேகணி. அடுத்த ஆண்டே சென்னை ஐ.ஐ.டி.யின் பழைய மாணவர் கிருஷ்ணா சிவுகுலா 228 கோடி அளித்தார். அமெரிக்காவில் வாழும் ஜானகிராமன், சம்பந்தம் என்ற இரண்டு மருத்துவர்கள் ஆளுக்கு ஐந்து லட்சம் டாலர் வைத்துத் தொடங்கிய ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு, உலகத் தமிழரும் தமிழக அரசும் கைகொடுத்து, 2018-இல் அறுபது லட்சம் டாலர் சேர்ந்தது. இவற்றைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. தத்தம் இடத்தில் இவை சிலாக்கியமான செயல்களே. ஆனால் கேட்கத் தெரிந்தவர்களும், கேட்பதற்கென்று தனி அலுவலகமும், கணக்குக் காட்டச் சிப்பந்திகளும் உள்ள பெரிய ஸ்தாபனங்களை நோக்கியே இந்த வெள்ளம் பாய்கிறது. அந்த ஸ்தாபனத்துக்குள் நுழைகிற தகுதியைத் தந்த ஊர்ப் பள்ளிக்கூடமோ, ஆண்டு விழாவுக்கு ஒரு பந்தலுக்கே அலைகிறது.

இதைச் சொல்கிறபோது நம் குமரி மாவட்டத்திலேயே நிகழ்ந்த ஒரு பழைய தர்மம் நினைவுக்கு வருகிறது. முஞ்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரத்தில், கி.பி. 866-இல், ஆய் மன்னன் கருநந்தடக்கன் ஒரு விஷ்ணு கோயிலை எழுப்பி, அதனுடன் காந்தளூர்ச் சாலையின் மாதிரியில் ஒரு சாலையையும் நிறுவினான். 'சாலை' என்றால் இங்கே உண்டு உறைந்து கற்கிற கலாசாலை. சட்டர்கள் எனப்பட்ட தொண்ணூற்றைந்து மாணவர்களுக்கு இடம். எந்த வேத சாகையினருக்கு எத்தனை என்பது 45, 36, 14 என்று பிரித்துச் செப்பேட்டில் பொறிக்கப்பட்டது. அவர்களுடைய அன்றாட உணவுக்காக நிலம் நிரந்தரமாக விடப்பட்டது. ஒருவரையொருவர் ஏசினால் தண்டம், ஆயுதத்துடன் சபைக்கு வரலாகாது என்றெல்லாம் விதிகளும் உண்டு. பதினெட்டு இருபது வயதுப் பிள்ளைகள் எக்காலத்திலும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கிறார்கள் போலும்! அந்தக் கதவு ஒரு வருணத்தாருக்கு மட்டுமே திறந்திருந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. எனினும் கொடுத்தவன் எதைக் கொடுத்தான் என்பதைக் கவனிக்கவேண்டும். ஒருமுறை தந்து பாராட்டைப் பெற்றுக்கொண்டு போகாமல், ஆண்டுதோறும் விளைந்து, இத்தனை தலைக்கு இத்தனை சோறு என்று வற்றாது வந்துகொண்டிருக்கிற வருவாயை அவன் கொடுத்தான்.

அதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், மூடியிருந்த மற்றக் கதவுகள் திறந்த காலத்தில், கடல் கடந்த பணம் நாஞ்சில் நாட்டுக் கல்விக்குள் வந்தது. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் என்ற மிஷனெரி அம்மையார், பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். அவர்களுக்கு லேஸ் பின்னவும் கற்பித்தார். அந்த லேஸ் சீமையிலே விலைபோய்ப் பள்ளிச் செலவுக்கு உதவியது. அடிமைக் குடியிற் பிறந்த பெண்களுள் சிலர் அந்த வருமானத்தாலேயே தம் விடுதலையை வாங்கிக்கொண்டார்கள். வருகிற உதவியைக் கைகட்டிப் பெற்றுக்கொள்ளாமல், தம் விரல்களால் அதற்கு ஈடு செய்த பெண்கள் அவர்கள். ஆனால் அந்தக் கால மிஷன் விடுதிகளில் வேறொரு வழக்கமும் இருந்தது: இங்கிலாந்தில் ஒரு புண்ணியவான் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்டால், அந்தப் பிள்ளைக்கு அவருடைய பெயரையே இட்டுவிடுவார்கள். கொடுத்தவரின் மனம் குளிர்ந்திருக்கும். வாங்கியவள் ஆயுள் முழுதும் கடனாளியின் பெயரில் அன்று, கடன் கொடுத்தவரின் பெயரில் நடமாடினாள். இன்று பெயரை இடுவதில்லை. அதற்குப் பதிலாக மேடையில் நிறுத்தி, பெரிய அட்டைக் காசோலை ஒன்றைப் பிடிக்கச் செய்து, படமெடுத்துக் கடல் தாண்டி அனுப்புகிறோம். வேறுபாடு நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிதன்று.

அப்படியானால் இன்றைக்குப் பிள்ளைகளுக்கு எங்கே குறைகிறது? கல்விக் கட்டணத்தைப் பொறுத்தவரை அரசு செய்திருப்பவை சாமானியமானவை அல்ல. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல் முதலியவற்றில் 2021-லும் வந்தது. அவ்வழியில் சேர்வோரின் செலவை அரசே ஏற்கிறது. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாயைப் பிள்ளையின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துகின்றன. ஆனால் அந்த 7.5 சதவீத வாசலில் அரசு உதவி பெறும் பள்ளியின் பிள்ளைக்கு இடமில்லை. மிஷன்களும் சமூக அமைப்புகளும் நிறுவிய உதவி பெறும் பள்ளிகள் மலிந்த குமரி மாவட்டத்தில் இது சிறிய சங்கதியன்று. அரசுப் பள்ளியில் படித்த பக்கத்து வீட்டுப் பையனுக்கு உள்ள வறுமையேதான் உதவி பெறும் பள்ளியில் படித்த பெண்ணுக்கும் உள்ளது. கடல் கடந்த பழைய மாணவரின் பணம் முதலில் போய்ச்சேரவேண்டிய இடம் இந்த இடைவெளி.

கட்டணம் தீர்ந்த பின்னும் தீராதவை வேறு: விடுதியில் சேருகிற அன்றே கேட்கிற முன்பணம், மாத மெஸ் பில், பஸ் கட்டணம், ஒரு மடிக்கணினி, இரண்டு உடுப்பு. எல்லாவற்றினும் பெரிது, பிள்ளை படிக்கப் போவதால் வீட்டுக்கு இல்லாமற்போகிற கூலி. இஸ்ரோவின் தலைவராக விளங்கிய கே. சிவன், நாகர்கோவிலை அடுத்த மேல சரக்கல்விளையில் ஒரு விவசாயியின் மகன். பட்டப்படிப்புக்குத் தம் தந்தை கல்லூரியைத் தெரிந்தெடுத்த காரணத்தை அவரே சொல்லியிருக்கிறார்: வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், வகுப்பு முடிந்து வந்து வயலில் கூடமாட உதவலாம். அவர் விரும்பியது பொறியியல், படித்தது தெ.தி. இந்துக் கல்லூரியில் கணிதம். அந்தப் பட்டத்தை முடித்துக்கொண்டே குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போய், 1980-இல் பொறியாளராக வெளிவந்தார். 2025 ஜனவரியில் அதே பதவியை ஏற்ற வி. நாராயணனும் இம்மாவட்டத்து மேலக்காட்டுவிளையில் தமிழ்வழி படித்து வளர்ந்தவர். இவர்கள் பெயரைச் சொல்லி, 'பார், வறுமை ஒரு தடையா?' என்று பிள்ளைகளுக்கு உபதேசம் செய்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சுற்றுவழியில் போயும் சேர்ந்துவிட்ட இருவரை நமக்குத் தெரியும்; சுற்றுவழியிலேயே நின்றுபோனவர்களை எண்ணிப் பார்த்தவர் யார்?

'ஏழை' என்பதைச் சான்றிதழால் அளக்கமுடியாதது போலவே, 'திறமை' என்பதையும் மதிப்பெண்ணால் மட்டும் அளந்தால் இடறும். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ராமானுஜன் பெற்ற உபகாரச் சம்பளம், கணிதமன்றி மற்றப் பாடங்களில் அவர் கோட்டைவிட்டதால் பறிபோயிற்று. அவரைப் பின்னாளில் தாங்கியது, விதிப்புத்தகத்தைப் பாராமல் ஆளைப் பார்த்த திவான் பகதூர் ராமச்சந்திர ராவின் சொந்தப் பணம். 1913-இல் சென்னைச் சர்வகலாசாலை அளித்த மாதம் 75 ரூபாய் அதற்குப் பின்னரே வந்தது. எனவே, ஒரு பருவத்தில் தவறினாலே உதவியை நிறுத்திவிடுவது என்ற நிபந்தனையைப் பழைய மாணவர் சங்கங்கள் அவசரப்பட்டு எழுதிக்கொள்ளவேண்டாம். யாருக்குக் கொடுப்பது என்பதை நியூஜெர்சியில் இருக்கிறவர் விண்ணப்பத்தைப் பார்த்துத் தீர்மானிப்பதை விட, நாலு வருஷம் அந்தப் பிள்ளைக்குப் பாடம் சொன்ன ஆசிரியரும், அந்தத் தெருவை அறிந்த ஒருவரும் சேர்ந்து தீர்மானிப்பதே விவேகம். பாரபட்சம் புகாதா என்று கேட்கலாம், புகும். அதற்குத்தான் ஆண்டுக் கணக்கைப் பகிரங்கமாக வைப்பது.

இனி, யாரிடம் கேட்பது? வெளிநாடு என்றதும் நம் மனம் அமெரிக்காவுக்கே ஓடுகிறது. ஆனால் சட்டம் வேறொரு திசையைக் காட்டுகிறது. அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன்படி, பிற நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர், இங்கேயே பிறந்து வளர்ந்த நம் வகுப்புத் தோழரே ஆனாலும், அந்நியர். அவரிடம் வாங்குகிற சங்கத்துக்குப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்கோ, சங்கம் மூன்றாண்டு இயங்கியிருப்பதோடு, அந்த மூன்றாண்டில் பதினைந்து லட்சம் ரூபாய் நற்பணியில் செலவிட்டிருக்கவும் வேண்டும். 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பின், பணம் முதலில் டில்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில்தான் வந்து இறங்கவேண்டும். பதிவுள்ள பெரிய அறக்கட்டளை ஒன்று வாங்கி, சிறிய சங்கத்துக்குப் பகிர்ந்தளிப்பதும் தடுக்கப்பட்டது. ஒரு கிராமப் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்துக்கு இது ஏறமுடியாத மலை. ஆனால் இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு அயல்நாட்டில் உழைக்கிறவர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புகிற பணம் அயல்நாட்டு நன்கொடையே ஆகாது. வளைகுடா நாடுகளோ நம்மவர்க்குக் குடியுரிமை தருவது மிக அரிது. இருபது ஆண்டு உழைத்தாலும் அங்கே அவர் இந்தியரே. துபாயில் குளிர்சாதனம் பழுது பார்க்கிறவரும், குவைத்தில் வண்டி ஓட்டுகிறவரும், மஸ்கட்டில் கணக்கெழுதுகிறவரும் நம் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அவர்களுள் பலர் பணமில்லாமல் படிப்பை நிறுத்திவிட்டு விமானம் ஏறியவர்கள். கேட்டால் கொடுப்பவர்கள் அவர்கள். நாம்தான் அவர்களைப் பழைய மாணவர் என்று நினைப்பதில்லை. பட்டம் பெற்றவரே பழைய மாணவர் என்று யார் விதித்தது?

இந்த விஷயத்தில் யாழ்ப்பாணத்தாரிடம் நாம் கற்கலாம். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி போன்ற பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்கள் லண்டனிலும் டொராண்டோவிலும் இயங்குகின்றன. போர் ஊரைச் சிதறடித்த பிறகும், பள்ளிக்கூடத்தின் பெயரே அவர்களுக்கு ஊராக நின்றது. நம்முடைய சங்கங்களோ வாட்ஸ்ஆப்பில் காலை வணக்கமும், பத்தாண்டுக்கு ஒருமுறை மதிய விருந்தும், பிறகு ஒரு நுழைவாயில் வளைவும் என்ற அளவில் திருப்தி அடைந்துவிடுகின்றன. வளைவு கேட்டால் பணம் விரைவில் சேரும் என்பதும், அதில் பெயர் பொறிக்கலாம் என்பதும் உண்மையே. மெஸ் பில்லில் யார் பெயரையும் பொறிக்கமுடியாது.

ஆதலால், இருபது பேர் சேர்ந்து ஒரு பிள்ளை என்பதே நம் ஊருக்குப் பொருந்தும் அளவு என்று நான் எண்ணுகிறேன். ஆளுக்கு மாதம் முந்நூறு ரூபாய் என்றால் ஆறாயிரம்; நான்கு ஆண்டுக்கு எழுதிக் கொடுத்த வாக்கு. ஒருவருக்கு வேலை போனாலும் மற்றவர் தாங்குவர். கொடுத்தவர் இன்னார் என்று பிள்ளைக்குத் தெரியவேண்டியதுமில்லை, நன்றிக் கடிதம் எழுதும்படி அவளை உட்காரவைக்க வேண்டியதுமில்லை. 1892-இல் ஜம்ஷெட்ஜி டாட்டா தொடங்கிய நிதியைப் போல, பின்னால் திருப்பித் தரும் கடனாகக் கொடுக்கலாமே என்பாரும் உண்டு. மேல்நாட்டுப் படிப்புக்கு அது சரி. முதல் பட்டம் வாங்கி முதல் சம்பளத்தில் வீட்டுக் கூரையை மாற்ற நினைக்கிற பிள்ளையின் தலையில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் வேலைக்குப் போன பின், அந்த இருபது பேரோடு இருபத்தொன்றாவது ஆளாக வருகிறாயா என்று கேட்டால் போதும்.

கேட்கிற காலமும் முக்கியம். பெரும்பாலான உதவிகள் ஆவணியில் விண்ணப்பம் வாங்கி, தையில் ஆள் தெரிந்து, மாசியில் காசோலை தருகின்றன. பிளஸ் டூ முடிவு வருவதோ மே மாதத்தில். கல்லூரியில் இடம் பிடிப்பதும், முன்பணம் கட்டுவதும் அடுத்த சில வாரங்களில். அது வைகாசி, கல்யாண முகூர்த்தங்கள் நெருங்கி வருகிற மாதம். தோவாளையில் பூவுக்கு விலை ஏறி, ஆர்டர் குவிந்து, தொடுக்கிற கை எத்தனை இருந்தாலும் போதாத அந்த நாட்களில்தான், வீட்டில் பதினேழு வயதுப் பெண்ணின் இரண்டு கைகளுக்கு என்றுமில்லாத மதிப்பு இருக்கிறது.