நாய்க்கு விசாரணை, பன்றிக்கு விலக்கு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வட கரோலைனா மாநிலத்தில், ஊரார் நாய்களைக் கூலிக்குப் பேணும் காப்பகமொன்றை நாட்டுப்புறத்தான் ஒருவன் நடத்துகிறான் என்று கொள்வோம். இருபது நாய்களுக்கான கொட்டிலை நாற்பது நாய்களுக்கென விரிக்க அவன் விரும்பினால், பல மாவட்டங்களில் சபையின் சிறப்பு அனுமதி பெறவேண்டும். எந்த நிலத்தில் எது நடக்கலாம் என வரையறுக்கும் வலயச் சட்டம் அவ்வாறு விதிக்கிறது. காணியின் வரைபடம் கேட்கப்படும். கொட்டிலுக்கும் அயலவன் எல்லைக்கும் இடையிலுள்ள தூரம் அளக்கப்படும். குரைப்பொலி எவ்வளவு, கழிவு எங்கே செல்லும், கிணறு எங்கே இருக்கிறது என்றெல்லாம் ஆராயப்படும். அயற்காணிச் சொந்தக்காரருக்குக் கடிதம் போகும். விசாரணையில் சாட்சிகள் சத்தியஞ் செய்து பேசுவர். இரவில் நாய்களை உள்ளே அடைக்கவேண்டும், இத்தனைக்கு மேல் வைத்திருக்கலாகாது என்ற நிபந்தனைகளுடன் அனுமதி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

‘தன் காணியில் தான் விரும்பியதைச் செய்யத் தடையா?’ என்று தனியுடைமையின் காவலர் கூக்குரலிடுவர். நாம் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. ஒலியும் நாற்றமும் வேலியோடு நிற்பவை அல்ல. கேடு வருமுன் அயலவனைக் கேட்பது நல்ல வழக்கம். அவ்வழக்கம் யாருக்காக, யாருக்கு எதிராக நடைமுறைப்படுகிறது என்பதே நமது கேள்வி.

அதே மாநிலத்தில் வேளாண் பண்ணைகளுக்கு மாவட்ட வலய ஒழுங்கிலிருந்து விலக்கு உண்டு. ஏர்பிடித்த சிறு குடியானவனைக் காக்க எழுந்த அவ்விலக்கின் நிழலில், ஆயிரக்கணக்கான பன்றிகளை ஒரே கூரையின் கீழ் அடைக்கும் தொழிற்சாலைகளும் இளைப்பாறலாம் என்பதை 1991ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது. அன்றைய மாநிலச் செனற்றர்களுள் ஒருவரான வெண்டெல் மேர்பி, பெரும் பன்றி உற்பத்தி நிறுவனமொன்றின் அதிபர். சட்டத்தை ஆக்கும் மன்றத்தில் முதலாளி வர்க்கம் நேரிலேயே அமர்ந்திருந்ததற்கு வேறு சான்று வேண்டுமோ?

விளைவைப் பாருங்கள். டுப்ளின் மாவட்டத்தின் மக்கள் தொகை 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 50,000க்குக் குறைவு. பன்றிகளோ ஏறத்தாழ 20 இலட்சம். அவற்றின் கழிவு திறந்த குட்டைகளில் தேங்கி, பின்னர் வயல்களில் விசிறப்படுகிறது. 1995 ஜூனில் ஒன்ஸ்லோ மாவட்டத்தில் ஒரு குட்டை உடைத்து, சுமார் 2½ கோடி கலன் கழிவு வெளியேறி ஆற்றிற் கலந்தது. 1997இல் புதிய குட்டைகளுக்குத் தடை வந்தது. ஆனால் அதற்குள் பழைய குட்டைகள் வெட்டி முடிந்திருந்தன. அவை இன்னும் இருக்கின்றன.

‘பன்றி வளர்ப்பு உணவுத் தொழில், நாய்க் காப்பகம் ஆடம்பரம்’ என்று விடை கூறுவோர் உளர். உணவு தேவையே, அதற்காக ஏழையின் முற்றத்தில் மலம் விசிறவேண்டுமா? வேளாண்மை என்ற பெயரும் இங்கு முகமூடியே. ஒப்பந்த முறையிற் பன்றி நிறுவனத்துக்குச் சொந்தம். கொட்டிலும் கடனும் கழிவும் பண்ணையாளனுக்குச் சொந்தம். இலாபம் மேலே ஏறுகிறது, நாற்றம் கீழே தங்குகிறது.

அந்நாற்றத்திற் குடியிருப்போரில் கறுப்பின மக்கள் பலர். அனுமதி விசாரணையில் இடம் பெறாத அவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2018 ஏப்ரலில் யூரிமார், பத்து அயலவர்க்கு ஐந்து கோடி டொலருக்கு மேல் வழங்குமாறு சிமித்பீல்ட் நிறுவனத்தின் துணை நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். தண்டத்துக்கு உச்ச வரம்பு விதிக்கும் மாநிலச் சட்டம் அதனை 32½ இலட்சமாகச் சுருக்கிற்று. அதே ஆண்டு ஜூனில், ஆளுநரின் மறுப்பையும் மீறிச் சட்டமன்றம் வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. பண்ணையிலிருந்து அரை மைலுக்குள் காணி உள்ளவரே, பண்ணை தொடங்கிய அல்லது அடிப்படையில் மாறிய ஓராண்டுக்குள்ளேயே வழக்கிடலாம் என்பது அதன் சாரம். நாற்பது நாய்களின் அயலவன் முன்கூட்டியே கேட்கப்படுகிறான். பல்லாயிரம் பன்றிகளின் அயலவன் கேடு நேர்ந்த பின்னரும் வாயடைக்கப்படுகிறான்.

இதில் வியப்பில்லை. வலயச் சட்டம் உடைமையின் மடியில் வளர்ந்த பிள்ளை. 1926இல் யூக்ளிட் வழக்கில் அச்சட்டத்துக்கு இசைவளித்த அமெரிக்க உயர் நீதிமன்றம், தனிவீட்டுப் பகுதியில் எழும் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது. இன்றும் வட கரோலைனாவில் விசாரணைக் கடிதம் அயற்காணியின் சொந்தக்காரருக்கு அனுப்பப்படவேண்டும் என்றே சட்டம் விதிக்கிறது. அங்கே வாடகைக்கு வாழ்பவனுக்கு அனுப்பும்படி அது கட்டாயப்படுத்துவதில்லை. ஆக, நாய்க் காப்பக விசாரணையும் பெரும்பாலும் காணி விலையின் விசாரணையே.

ஆயினும் அவ்விசாரணையை எள்ளி ஒதுக்குவது பேதைமை. உடைமையாளர் தமக்கெனச் சமைத்த அக்கருவியில் மக்களுக்குப் பயன்படும் கூறொன்று உண்டு: தொடங்குமுன் கேள், சான்றோடு பேசு, நிபந்தனையோடு அனுமதி. அதனை ஒழிக்குமாறு நாம் கோரவில்லை, விரிக்குமாறே கோருகிறோம். நாய்க் கொட்டிலுக்கு உரிய கேள்விகள் பன்றித் தொழிற்சாலைக்கும் உரியனவாகட்டும். காணி உறுதி உள்ளவனோடு கூலிக் குடியிருப்பவனும் சத்தியஞ் செய்து பேசட்டும். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று வகுப்பறையிற் கற்பிக்கும் ஆசிரியரும் அதனைக் கற்கும் மாணவரும், எந்தச் சட்டத்தைப் படித்தாலும் அதில் எழுதப்பட்ட விதியோடு நில்லாமல், விலக்களிக்கப்பட்டவர் யார் என்பதையும் தேடிப் படிக்கவேண்டும்.