வெல்ஷ் எழுதினால் போதுமா?

சிவகங்கை மருது சகோதரர்களைப் பற்றிய மேடைகளிலும் விழா மலர்களிலும் கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் தவறாமல் சாட்சிக்கு வந்துவிடுகிறார். நேரில் இருந்தவர், அன்றன்று நாட்குறிப்பில் எழுதியவர், பகைவராக இருந்தும் புகழ்ந்தவர்; இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்கிறார்கள். நேரில் இருந்தார் என்பதில் சந்தேகமில்லை. மருது சகோதரர்களுக்கு எதிரான 1801 போரில் கிழக்கிந்தியக் கும்பினிப் படையோடு வந்தவர்தான். அன்றன்று எழுதியது என்பதுதான் நிற்காது. நம் கையில் இருக்கும் நூல் லண்டனில் 1830இல் இரண்டு தொகுதிகளாக அச்சானது. நாட்குறிப்பிலிருந்து எடுத்துத் தொகுத்தது என்று அதன் தலைப்பே சொல்கிறது. உள்ளே பார்த்தாலும் தெரியும்: சகோதரர்களில் இளையவரான சின்ன மருது தனக்கு ஈட்டியும், வளைதடியான வளரியும் எறியக் கற்றுக்கொடுத்த நல்ல நாட்களைச் சொல்லும் இடத்திலேயே, அதே மனிதரைப் பின்னாளில் துரத்தியதும், அவர் தொடை முறிந்து பிடிபட்டதும், தூக்கில் தொங்கியதும் வந்துவிடுகின்றன. நாடு கடத்தப்பட்ட மகன் துரைசாமியை 1818இல் பினாங்கில் கண்டதும் இந்நூலில் உண்டு. முடிவு தெரிந்த கை எழுதிய வரிகள் இவை.

பகைவரே புகழ்ந்தார் என்பது இன்னும் பலவீனமான வாதம். 1830இல் மருதுவைப் புகழ்வதால் கும்பினிக்கு என்ன நட்டம்? சிவகங்கை அடங்கி முப்பது ஆண்டு ஆகப்போகிறது. தோற்றவரின் வீரம் உயர உயர, வென்றவரின் பெருமையும் உயரும்.

அப்படியானால் வெல்ஷைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று கேட்கலாம். கூடாது, வெள்ளைக்காரர் எழுதியதெல்லாம் பொய் என்பதும் சோம்பேறித்தனம்தான். தேர்ந்தவர் கையில் வளரி நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்று எழுதுகிறாரே, அதில் அவருக்கு ஆதாயம் எதுவுமில்லை. எறியப் பழகியவரின் சாட்சியம் அது. நண்பரையே வேட்டையாடினேன் என்னும் பொருள்பட எழுதியதும் அவருக்குப் பெருமை சேர்ப்பதல்ல, ஆகவே நம்பலாம். ஆனால் போர் ஏன் மூண்டது என்று அவரிடம் கேட்பது வீண். அதற்கு, சின்ன மருதுவின் பெயரில் 1801 ஜூனில் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்ட ஜம்புத் தீவு அறிவிப்பு இருக்கிறது. ஆற்காட்டு நவாப் ஐரோப்பியரை நம்பிக் கெட்ட கதையைச் சொல்லி, எல்லாச் சாதியாரையும், கும்பினிச் சம்பளம் வாங்கிய சிப்பாய்களையும் சேர்த்தே அது அழைத்தது. வெல்ஷின் பக்கங்களை மட்டும் மேற்கோள் காட்டினால், இந்தப் போர் இரண்டு நண்பர்களுக்குள் விதி மூட்டிய சண்டையாகச் சுருங்கிப்போகும்.