தம்பியின் ஸ்டெம் செல்: யார் எடுக்க வேண்டிய முடிவு?

மைலோமா என்கிற ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களில் சிலருக்கு, அடங்கியிருந்த நோய் மீண்டும் தலைதூக்கும் கட்டத்தில் மருத்துவரிடமிருந்து ஒரு கேள்வி வரும்: “உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர்? ஹெச்எல்ஏ என்ற பொருத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாமா?” அன்று மாலையே அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோருக்கும் தகவல் போய்விடுகிறது. யாருடைய செல் பொருந்தும் என்பதிலேயே குடும்பத்தின் மொத்தக் கவனமும் குவிகிறது. பொருந்திவிட்டால் கட்டாயம் செய்துகொள்ள வேண்டுமா என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இன்றைய நிலையில் பெரும்பாலான மைலோமா நோயாளிகளுக்குக் கொடையாளரின் ஸ்டெம் செல் தேவையில்லை. ஒரு சிறு பிரிவினருக்கு அதை அடியோடு ஒதுக்கிவிடவும் முடியாது. அந்தப் பிரிவில் ஒருவர் வருகிறாரா என்பதை மருத்துவர் சொல்லலாம். அதிலுள்ள ஆபத்தை ஏற்பதா, வேண்டாமா என்பதைச் சொல்லும் உரிமை நோயாளிக்கு மட்டுமே உண்டு. நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் அவரைத் தவிர மற்ற எல்லோரும் அந்த முடிவை எடுக்கிறார்கள்.

ஒரே பெயர், இரு சிகிச்சைகள்

எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதுதான் மைலோமா. எலும்பு அரிக்கப்பட்டு முறிகிறது, சிறுநீரகம் பழுதாகிறது, ரத்தசோகை வருகிறது. பலர் முதுகுவலி என்று மாதக்கணக்கில் தைலம் தேய்த்துவிட்டுத் தாமதமாகத்தான் சரியான மருத்துவரிடம் வந்து சேர்கிறார்கள்.

‘எலும்பு மஜ்ஜை மாற்று’ என்று பொதுவாக நாம் சொல்வதில் இரண்டு வெவ்வேறு சிகிச்சைகள் அடங்கியிருக்கின்றன. மைலோமாவுக்குப் பரவலாகச் செய்யப்படுவது, நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லைக் கொண்டு செய்வது. முதலில் அதை எடுத்து உறையவைக்கிறார்கள். பிறகு மெல்ஃபலான் என்ற மருந்தை உச்ச அளவில் ஏற்றுகிறார்கள். மருந்து ஏறும்போது வாய்ப்புண் வராமலிருக்க ஐஸ் கட்டியை விடாமல் சப்பச் சொல்வார்கள். உறையவைத்த செல்கள் உடலுக்குள் போகும்போது, அவற்றைக் காத்த வேதிப்பொருளின் வாடை பூண்டு வாடையாக அறை முழுக்க அடிக்கும். இரண்டு மூன்று வாரங்களில் ரத்த அணுக்கள் ஏறத் தொடங்கும். இங்கே நோயைக் கொல்வது மருந்து. சொந்த செல்லின் வேலை, காலியான மஜ்ஜையை மறுபடி நிரப்புவது. அனுபவமுள்ள மையங்களில் இதனால் உயிரிழப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர், இருவர்தான். நோய் முழுதாகக் குணமாவது அரிது என்றாலும் பல ஆண்டுகள் அடங்கியிருக்கும்.

கொடையாளரின் செல்லைப் பெறுவது வேறு கதை. அதோடு இன்னொருவரின் நோய் எதிர்ப்பு மண்டலமே உடலுக்குள் குடியேறுகிறது. அது மைலோமா செல்களை அந்நியர்களாகக் கண்டு அழிக்கும் என்பதுதான் நம்பிக்கை. அதே மண்டலம் நோயாளியின் தோல், குடல், கல்லீரல், நுரையீரல் எல்லாவற்றையும்கூட அந்நியமாகப் பார்க்கும். இதை மருத்துவர்கள் ஜிவிஎச்டி என்கிறார்கள். நன்மையும் தீமையும் ஒரே கையிலிருந்து வருகின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் நீக்க இன்னும் முழுமையான வழியில்லை.

ஜிவிஎச்டி நாள்பட்டதாக மாறினால் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதைக் குடும்பங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். வாயின் உள்தோல் புண்ணாகி, ரசத்திலிருக்கும் மிளகுகூடத் தீயாக எரியும். கண்ணீர் வற்றி, நாளெல்லாம் சொட்டு மருந்தோடு இருக்க வேண்டியிருக்கும். தோல் இறுகிப்போனால் விரல்களை மடக்கிச் சோற்றைப் பிசைய முடியாது. நுரையீரலைத் தொட்டுவிட்டால் மாடிப்படி ஏறுவதே பெரும்பாடு. எல்லோருக்கும் இது வருவதில்லை. லேசாக வந்து போவோரும் உண்டு. யாருக்கு எந்த அளவில் வரும் என்பதை முன்னரே உறுதியாகச் சொல்ல முடியாது.

எண்கள் என்ன சொல்கின்றன?

தொடக்கத்தில், மஜ்ஜையை முற்றிலும் அழித்துவிட்டுக் கொடையாளரின் செல்லை ஏற்றும் முறையில் பாதிப் பேர்வரை சிகிச்சையாலேயே இறந்தார்கள். அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், 36 பேரைச் சேர்த்ததுமே அந்தப் பிரிவை இழுத்து மூடினார்கள். இறப்பு 53 சதவீதத்தைத் தொட்டிருந்தது. அதன் பிறகு, முதலில் சொந்த செல், சில மாதம் கழித்து மிதமான மருந்தோடு கொடையாளர் செல் என்ற இரட்டை முறை வந்தது.

2007இல் இத்தாலிய மருத்துவர் பெனெடெட்டோ புருனோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு பெரும் நம்பிக்கை அளித்தது. பொருந்தும் உடன்பிறப்பு இருந்தவர்களில் பாதிப் பேர் 80 மாதம்வரை உயிரோடு இருந்தார்கள்; இல்லாதவர்களில் பாதிப் பேர் 54 மாதம்வரை. 2011இல் அமெரிக்காவில் அம்ரிதா கிருஷ்ணன் தலைமையில், 700க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு அந்த நம்பிக்கையைத் தளர்த்தியது. வழக்கமான அபாயம் கொண்டவர்களில், மூன்றாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் சொந்த செல்லை இருமுறை பெற்றவர்களில் 80%. கொடையாளர் பிரிவில் 77%.

இப்படி முரண்பட்ட நான்கு ஆய்வுகளின் 1,338 நோயாளிகளை ஒன்றுசேர்த்து, நீண்ட காலம் பின்தொடர்ந்த பகுப்பாய்வு 2020இல் வெளியானது. முடிவெடுக்கும் நிலையில் இருக்கும் ஒவ்வொருவரும் அதன் எண்களை மெதுவாகப் படிக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் கொடையாளர் பிரிவில் 62%, சொந்த செல் பிரிவில் 60%; அநேகமாக வித்தியாசமே இல்லை. பத்தாம் ஆண்டிலோ 44%, 36% என்று இடைவெளி விரிந்திருந்தது. ஆக, பலன் உண்டு. அது தாமதமாக வருகிறது. அதே பத்தாண்டில் மைலோமா அல்லாத காரணங்களால் இறந்தவர்கள் கொடையாளர் பிரிவில் ஏறக்குறைய 20%, மற்றதில் 8%. விலையை முன்னால் கட்டிவிட்டுப் பலனுக்குப் பல ஆண்டு காத்திருக்கும் பேரம் இது.

இன்னொரு எண்ணும் முக்கியமானது. பத்தாண்டு முடிவில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் கொடையாளர் பிரிவிலும் 19 சதவீதம்தான். “மைலோமாவைக் குணமாக்கும் ஒரே வழி இதுதான்” என்று யாராவது சொன்னால், ஐந்தில் நான்கு பேருக்கு அந்த வழி திறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காத்திருப்பதன் மதிப்பு

இந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்களில் பலர், இன்றைய மருந்துகள் பரவலாவதற்கு முன்பு சிகிச்சை பெற்றவர்கள். அமெரிக்காவில் மைலோமாவுக்கு போர்ட்டெசோமிப் 2003இலும், லெனலிடோமைட் 2006இலும், டாராட்டுமுமாப் 2015இலும் அனுமதி பெற்றன. 2021, 2022இல் கார்-டி செல் சிகிச்சைகள் வந்தன. நோயாளியின் சொந்தத் தற்காப்பு செல்களையே எடுத்து, மைலோமாவைத் தேடி அழிக்கும்படி மாற்றித் திரும்பச் செலுத்துகிறார்கள். பல சிகிச்சைகள் பார்த்து ஓய்ந்த 97 பேருக்கு சில்டா-செல் என்ற கார்-டி சிகிச்சை கொடுத்த ஆய்வில், மூன்றில் ஒரு பங்கினருக்கு வேறு மருந்தே இல்லாமல் ஐந்தாண்டுக்கு மேல் நோய் தலைகாட்டவில்லை. ஜிவிஎச்டி என்ற தண்டனை இல்லாமல் கிடைத்த பலன் அது. அதற்கும் தனக்கே உரிய பக்கவிளைவுகள் உண்டு என்றாலும், இன்று முடிவெடுப்பவர் கொடையாளர் செல்லை ஒப்பிட வேண்டியது இந்தச் சிகிச்சைகளோடுதான்.

“அதெல்லாம் அமெரிக்காவில். நம் ஊரில் யாருக்குக் கிடைக்கும்?” என்ற எதிர்வாதம் நியாயமானது. இந்தியாவிலேயே உருவான முதல் கார்-டி சிகிச்சைக்கு 2023இல் அனுமதி கிடைத்தது. அது லிம்ஃபோமா, லுக்கீமியா நோயாளிகளுக்கானது. மைலோமாவுக்கு அது பயன்படாது. ஆனால், போர்ட்டெசோமிப்பும் லெனலிடோமைடும் இங்கே ஜெனரிக் மருந்துகளாக மலிவான விலையில் கிடைக்கின்றன. கொடையாளர் மாற்றோ மலிவானதல்ல. முதல் நூறு நாள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடெடுத்துத் தங்க வேண்டும். கூடவே ஒருவர் வேலையை விட்டுவிட்டு இருக்க வேண்டும். எதிர்ப்பு சக்தியைத் தணிக்கும் மாத்திரைகள் மாதக்கணக்கில் தொடரும்.

மேலை நாட்டு ஆய்வுகளின் இறப்பு விகிதத்தை அப்படியே இங்கே பொருத்தவும் கூடாது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளும் காசநோயும் நம் மருத்துவமனைகளின் அன்றாடப் பிரச்சினைகள். எதிர்ப்பு சக்தி அடக்கப்பட்ட உடலில் அவை என்ன செய்யும் என்பது இங்குள்ள ஒவ்வொரு மருத்துவருக்கும் தெரியும். 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் சிஎம்சியிலும் தொடங்கிய மஜ்ஜை மாற்று அனுபவம் இந்தியாவுக்கு உண்டு. அந்த அனுபவம் எல்லா மையங்களுக்கும் ஒரே அளவில் இல்லை. ஆகவே, “இந்த மையத்தில், என் வயதில், இந்த நோய்க்குக் கொடையாளர் செல் பெற்றவர்களில் ஓராண்டு கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்?” என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் அந்தச் சிகிச்சையைச் செய்துகொள்ளாமல் இருப்பதே நல்லது.

யாருக்குப் பொருந்தலாம்?

2015இல் அமெரிக்க, ஐரோப்பிய மஜ்ஜை மாற்று அமைப்புகளும் சர்வதேச மைலோமா பணிக்குழுவும் சேர்ந்து ஒரு கருத்தொற்றுமைக்கு வந்தன. சொந்த செல் மாற்று உள்ளிட்ட முதல் சிகிச்சைக்குப் பின் 24 மாதத்துக்குள் நோய் திரும்பியவர்கள், அதிக அபாயக் கூறுகள் கொண்டவர்கள் ஆகியோருக்கு, உடல் தாங்குமென்றால் கொடையாளர் மாற்றைப் பரிசீலிக்கலாம். முடிந்தவரை அதை மருத்துவ ஆய்வின் பகுதியாகச் செய்ய வேண்டும் என்றன. 17ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி இல்லாதிருப்பது அத்தகைய அபாயக் கூறுகளில் ஒன்று. மேலை நாடுகளில் மைலோமா 70 வயதை ஒட்டிக் கண்டறியப்படுகிறது. இந்தியாவில் சுமார் பத்தாண்டு முன்னதாகவே வந்துவிடுகிறது. நாற்பதுகளில் இருக்கும், பிள்ளைகள் பள்ளியில் படிக்கும், நோய் மருந்துக்கு மசியாத ஒருவருக்கு இந்த ஆபத்து நியாயமாகவே படலாம். அவரை யாரும் குறைசொல்ல முடியாது.

பிறர் கதையை வைத்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது. அமெரிக்காவின் கேத்தி ஜியுஸ்டி 1996இல் மைலோமா என்று அறிந்து, பின்னர் அந்நோய்க்கான ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கியவர். 2006இல் சகோதரியின் ஸ்டெம் செல்லைப் பெற்றபின் அவருடைய மைலோமா அடங்கியது. அந்தச் சகோதரி ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மரபணு ஒன்றாக இருப்பதால் ஜிவிஎச்டி ஆபத்து அநேகமாக இல்லை. அந்நியச் செல் மைலோமாவைத் தாக்கும் பலனும் இல்லை. மற்றவர்களுக்கு ஓர் உடன்பிறப்பு பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று; பொருந்தினாலும் அவருடைய செல் அந்நியச் செல்தான்.

“அவருக்குத் தெரிய வேண்டாம், டாக்டர்”

நம் குடும்பங்களில் இந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது? பல நேரம் மகனோ மருமகனோ மருத்துவரைத் தனியாகப் பார்த்து, “அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், டாக்டர். தாங்க மாட்டார்” என்கிறார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால், நூறு நாள் மருத்துவமனையைச் சுற்றியே கிடக்கப்போகிறவர் அப்பா. ரசம் எரியப்போவது அவர் வாயில். அடுத்த சில ஆண்டுகளின் ஓரளவு உறுதியான வாழ்வா, பத்தாண்டுக்கான பந்தயமா என்பதை, பேத்தியின் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கும் ஒருவரும் கைக்குழந்தையின் தகப்பனும் ஒரே மாதிரி எடைபோட மாட்டார்கள். எண்களை மறைத்துவிட்டு வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது.

கொடையாளரின் நிலையையும் பார்க்க வேண்டும். நான்கைந்து நாள் ஊசி, எலும்பெல்லாம் வலி, பிறகு இரண்டு கையிலும் ஊசியோடு சில மணி நேரம் இயந்திரத்தின் முன் படுக்கை. உறுப்பு எதுவும் போவதில்லை. பெரும்பாலோர் சில நாளில் இயல்புக்குத் திரும்புகிறார்கள். இருந்தாலும் அவர் மனைவிக்கு அச்சம் இருக்கும். சபையில் மாட்டேன் என்று சொல்ல முடியாத தம்பியை, நோயாளிக்குச் சிகிச்சை தராத வேறொரு மருத்துவர் தனியாகச் சந்தித்துப் பேச வேண்டும். பின்னாளில் ஜிவிஎச்டி வந்தால், “என் செல்தான் அண்ணனைக் கொன்றது” என்ற பாரத்தை அவர் சுமக்காதபடி முன்கூட்டியே பேசிவைப்பதும் சிகிச்சையின் பகுதி.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியது கடினமானதல்ல. கொடையாளர் மாற்றைப் பரிந்துரைக்கும்போது, தங்கள் மையத்தின் முடிவுகள், மாற்று வழிகள், மொத்தச் செலவு, நாள்பட்ட ஜிவிஎச்டியின் சாத்தியம் ஆகியவற்றைத் தமிழில் ஒரே தாளில் எழுதி நோயாளியின் கையில் கொடுக்கலாம். மஜ்ஜை மாற்று செய்யாத ஒரு ரத்தநோய் மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேட்க ஒரு வாரம் அவகாசம் தரலாம். அரசு, தனியார் மையங்கள் எல்லாம் தங்கள் ஓராண்டு முடிவுகளை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று சுகாதாரத் துறை விதிக்கலாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஒருவர் சரி என்றால், அவருக்குப் பின்னால் குடும்பம் உறுதியாக நிற்கட்டும். வேண்டாம் என்றால், அதை நம்பிக்கை இழந்தவரின் பேச்சாகவோ, கை நீட்டிய தம்பியின் அன்பை மறுத்ததாகவோ எடுத்துக்கொள்ளக் கூடாது. கிடைத்திருக்கும் மருந்துகளோடு, தன் வீட்டில், தான் விரும்பும் விதத்தில் வாழ ஒருவர் எடுக்கும் முடிவும் முழுமையான சிகிச்சை முடிவே. இரண்டில் எதுவானாலும் அதை அவர் வாயால் சொல்லக் கேட்ட பிறகே அடுத்த பரிசோதனைக்குச் சீட்டு எழுத வேண்டும்.