இலவச வகுப்பறைக்குள் நுழைந்தவர்கள் யார்?

2011ஆம் ஆண்டின் இறுதியில் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடம் கட்டணமின்றி இணையத்தில் திறந்துவிடப்பட்டது. ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தனர். அடுத்த ஆண்டே கோர்செரா, எட்எக்ஸ், உடாசிட்டி ஆகியவை களமிறங்கின. கல்வி இனி எல்லோருக்கும் பொது என்ற பேச்சு உலகெங்கும் எழுந்தது. கல்விக்கூடத்தின் வாசல் மறுக்கப்பட்ட வரலாறு கொண்ட மக்களுக்கு இது சிறிய செய்தி அன்று. நுழைவுத் தேர்வு இல்லை. பெயரையும் ஊரையும் கேட்டுச் சாதியைத் துழாவும் ஆசிரியரும் இல்லை.

ஆயினும் அவ்வாசல் வழியே உள்ளே சென்றவர்கள் யார்? பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தன் கோர்செரா பாடங்களில் சேர்ந்தவர்களிடையே நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. விடையளித்த ஏறத்தாழ 35,000 பேரில் ஐந்தில் நான்கு பங்கினருக்கு மேல் ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்தனர். இந்தியா, சீனா, பிரேசில், ரஷ்யா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர், மக்கள்தொகையில் செல்வமும் கல்வியும் மிகுந்த 6 விழுக்காட்டுப் பிரிவினர்.

அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம் உடாசிட்டியுடன் இணைந்து கணிதப் பாடங்களை இணையவழி நடத்தியது. ஏழைக் குடும்பப் பிள்ளைகளும், முன்பு தேர்ச்சி பெறாதவர்களும் அவற்றில் இருந்தனர். தேர்ச்சி விகிதம் சரிந்தது. சில மாதங்களிலேயே திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. கணினி வசதி குறைந்த அம்மாணவர்களுக்கு இவ்வூடகம் பொருந்தவில்லை என்ற பொருளில் த்ரன் பேசினார். உடாசிட்டி பெருநிறுவன ஊழியர்களுக்கான பயிற்சியின் பக்கம் திரும்பிக்கொண்டது. எவரைக் காட்டி இத்திட்டம் புகழப்பட்டதோ, அவரே முதலில் கைவிடப்பட்டார்.

மறுபுறம், ருவாண்டாவின் கிகாலியில் 2013இல் தொடங்கப்பட்ட கெப்ளர் திட்டம் இதே இணையப் பாடங்களைப் பயன்படுத்தியது. ஆனால் மடிக்கணினியும், நேரில் அமர்ந்து கற்பிக்கும் ஆசிரியரும் அங்கே உடன் இருந்தனர்.

இந்தியாவுக்கு வருவோம். ஸ்வயம் தளம் 2017இல் தொடங்கப்பட்டது. பாடம் இலவசம், சான்றிதழுக்கான தேர்வுக்குக் கட்டணம் உண்டு. அந்தக் காலத்தில் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி ஊரகக் குடும்பங்களில் இணைய வசதி பெற்றிருந்தவை 14.9 விழுக்காடு மட்டுமே. பின்னர் கைபேசி பரவியது உண்மைதான். எனினும் ஒற்றை அறை வீட்டில், குடும்பத்துக்கே பொதுவான ஒரு கைபேசியில், ஆங்கில விரிவுரையைப் பன்னிரண்டு வாரம் தொடர்வது எளிதன்று.

இதைவிடக் கூர்ந்து கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படிக்க 2021ஆம் ஆண்டு விதிமுறைகளில் பல்கலைக்கழக மானியக் குழு இடமளித்தது. ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் காலங்கடத்தும் நிர்வாகங்களுக்கு இது வசதியான சாக்காகிவிடும். பணியிடமே இல்லையெனில் இடஒதுக்கீட்டை எதன்மீது கோருவது? முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவர் தம்மவர் ஒருவரை ஆசிரியராகக் காணும் வாய்ப்பும் அத்துடன் போகும்.

1924இல் அம்பேத்கர் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தது. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இணையமும் கணினியும் படிப்பதற்கு ஓர் அறையும், ஸ்வயம் தேர்வுக் கட்டணத்தை முழுமையாக ஏற்கும் உதவித்தொகையும் இன்று நாம் கேட்க வேண்டியவை.