இரண்டு பெட்டியும் சேர்ந்தே தவறும்

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு நகைக்கடை. முதலாளி இரண்டு சர்வர் வாங்கியிருந்தார். ஒன்று கடையில், இன்னொன்று கோட்டையூர் வீட்டில். "ரெண்டு பெட்டியிலயும் ஒரே டேட்டா ஓடிக்கிட்டே இருக்கும் தம்பி. ஒண்ணு போனா ஒண்ணு. அப்புறம் எதுக்கு ஸ்னாப்ஷாட்டு?" என்றார். விற்றவர் சொல்லிக்கொடுத்த பாடம் அது. கல்லூரி, ஆஸ்பத்திரி, ஆடிட்டர் ஆபீஸ் என்று நான் போகிற இடமெல்லாம் இதே பாடத்தைத்தான் ஒப்பிக்கிறார்கள்.

'ஒன்று போனால் ஒன்று' என்பது டிஸ்க் செத்தால் சரி. ஆனால் என்னிடம் வரும் புலம்பல்கள் பெரும்பாலும் செத்த டிஸ்க்கைப் பற்றியவை அல்ல. கணக்குப்பிள்ளை தவறான ஃபோல்டரை அழித்துவிடுகிறார். ரான்சம்வேர் புகுந்து எல்லாக் கோப்பையும் பூட்டிவிடுகிறது. வந்த மாற்றம் நல்லதா கெட்டதா என்று எதிர்ப்பெட்டிக்கு எப்படித் தெரியும்? இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், சில நொடிகளில். 2011 பிப்ரவரி கடைசியில் ஜிமெயிலில் நடந்தது இதுதான். ஒரு மென்பொருள் பிழையால் சுமார் 0.02 சதவீதம் பேரின் அஞ்சல்கள் காணாமல் போயின. கூகுள் பல தரவு மையங்களில் பிரதி வைத்திருந்தும் பிழை அந்தப் பிரதிகளையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் மீட்டுக்கொடுத்தது பழைய காந்த நாடாதான்.

ஓடிக்கொண்டே இருக்கும் பிரதி போதாது, ஒரு நாளில் நிறுத்திவைத்த பிரதியும் வேண்டும் என்பதை நம்மூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியிருப்பதே வேடிக்கை. கடல்கடந்து வியாபாரத்துக்கு, அதாவது கொண்டுவிக்க, போன காலத்தில் ரங்கூனிலும் பினாங்கிலும் இருந்த வட்டிக்கடை ஏஜெண்டு, அன்றாட வரவுசெலவைக் குறிப்பில் எழுதிப் பேரேட்டில் ஏற்றுவார். தவணைக்கு ஐந்தொகை போட்டு முதலாளிக்கு ஊருக்கு அனுப்புவார். ஐந்தொகை என்பது அந்த ஒரு நாளில் கடை எப்படி நின்றது என்பதன் கணக்கு. மறுநாள் ஏஜெண்டின் உதவியாளரான அடுத்தாள் பேரேட்டில் எதைத் திருத்தினாலும், செட்டிநாட்டுக்கு வந்து சேர்ந்த தாள் மாறாது. ஸ்னாப்ஷாட்டும் அதுதான்: ஒரு நொடியில் உறைந்த, பிறகு யாரும் எழுத முடியாத நிலை.

"இடத்தை அடைக்குமே" என்பது அடுத்த ஆட்சேபம். அடைக்காது. ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது எதுவும் நகலெடுக்கப்படுவதில்லை. பிறகு எந்தத் துண்டு மாறுகிறதோ அதன் பழைய வடிவத்தை மட்டும் அழிக்காமல் வைத்துக்கொள்ளும். நாலு டெராபைட்டில் நாளொன்றுக்குப் பத்து ஜிபி மாறினால், முப்பது நாள் ஸ்னாப்ஷாட்டுக்குச் சுமார் முந்நூறு ஜிபி போதும். சிசிடிவி பதிவையும் அதே இடத்தில் கொட்டினால் இந்தக் கணக்கு உடைந்துவிடும் என்பது வாஸ்தவம். கேமராவுக்குத் தனி இடம் ஒதுக்குங்கள்.

"ரெண்டு பெட்டியையும் ஒரே மாதிரி வைக்கிற ஒத்திசைவுக்கு ஸ்னாப்ஷாட் தேவையே இல்லை" என்பதும் தவறு. ஸ்னாப்ஷாட் இல்லாத ஒத்திசைவு நிரல் லட்சக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கும். அது புரட்டி முடிப்பதற்குள் பில் போடுகிறவர் பாதியை மாற்றியிருப்பார். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005இல் வெளியிட்ட இசட்எஃப்எஸ் போன்ற கோப்பமைப்புகளில் நேற்றைய ஸ்னாப்ஷாட்டுக்கும் இன்றையதற்கும் இடையே மாறிய துண்டுகள் எவை என்பது முன்பே தெரியும். அவை மட்டும் கோட்டையூருக்குப் போகும். நம்மூர் இணைய வேகத்துக்கு இதுதான் கட்டுப்படியாகும். நிபந்தனை ஒன்று உண்டு: இருபக்கமும் பொதுவான ஒரு ஸ்னாப்ஷாட் இருக்க வேண்டும். இடம் வேண்டுமென்று அதை அழித்துவிட்டால் நாலு டெராபைட்டையும் முதலிலிருந்து அனுப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இதைச் சொன்னதும் சிலர் மறுகோடிக்கு ஓடுவார்கள்: "அப்படின்னா ஸ்னாப்ஷாட் மட்டும் போதும்." போதாது. அது இருப்பது அதே டிஸ்க்கில். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்தபோது, காப்புப் பிரதியையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். தவிர, இரண்டு பெட்டிக்கும் ஒரே நிர்வாகப் பாஸ்வேர்டு என்றால் உள்ளே புகுந்தவன் முதலில் ஸ்னாப்ஷாட்டைத்தான் அழிப்பான்.

இரண்டும் இருந்தாலும் மீட்டுப் பார்க்காவிட்டால் நம்ப முடியாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில், துணைத் தரவுத்தளத்தை அழிப்பதாக நினைத்து ஒரு பொறியாளர் முதன்மைத் தளத்தையே அழித்தார். துணைத் தளத்தை ஏற்கெனவே துடைத்திருந்தார்கள். தானாக எடுக்கும் காப்புப் பிரதிகள் பல நாளாக எடுக்கப்படவே இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. சோதனைத் தளத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட் காப்பாற்றியது. அதாவது, அதிர்ஷ்டம். யாரும் ஒருநாளாவது மீட்டுப் பார்த்திருந்தால் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியிருந்திருக்காது.

நகைக்கடை முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மணிக்கொரு ஸ்னாப்ஷாட்டுக்கு ஒப்புக்கொண்டார். மறுவாரம் கூப்பிட்டார். "நேத்து மத்தியானம் இருந்த கணக்கை இப்ப எடுத்துக் காட்டு" என்றார். பதினொரு நிமிடம் ஆனது. அதில் ஒன்பது நிமிடம் கோட்டையூர்ப் பெட்டியின் பாஸ்வேர்டு எழுதிய தாளைத் தேடியது.