கேமராவை யார் பார்ப்பது?



ஸ்டுடியோ வாசல் பூட்டை யாரோ நெம்பிப் பார்த்திருக்கிறார்கள், உள்ளே எதுவும் போகவில்லை என்று போன வாரம் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த பதில்களையெல்லாம் போன் வாசிக்கக் கேட்டு முடிக்க இரண்டு நாள் ஆகிவிட்டது. உங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனால் பிள்ளைகளே, அத்தனை யோசனைகளையும் மூன்று கட்டாகக் கட்டிவிடலாம். "டீச்சர், உடனே சிசிடிவி போடுங்க." "நம்பிக்கையான ஆள் ஒருத்தரைக் கூடவே வெச்சுக்கோங்க." "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம், மூடிட்டு நிம்மதியா இருங்க." மூன்றாவதைச் சொன்னவர்கள் பெரும்பாலும் உறவுக்காரர்கள். தனித்தனியாகப் பதில் எழுதினால் விரல் தேய்ந்துவிடும், அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பணி ஓய்வுக்குப் பிறகு உறையூர் வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகளை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினேன். பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம், போட்டித் தேர்வுப் பாடம் எல்லாம் இங்கேதான் பதிவாகிறது. செலவுக்கு ஈடுகட்ட வெளிவேலையும் எடுப்போம். கடை விளம்பரம், திருவிழா அறிவிப்பு, யாராவது தங்கள் பாட்டியின் கதைகளைப் பதிந்து வைக்க வந்தால் அதுவும். எனக்குக் கண் தெரியாது என்பது உங்களில் பாதிப் பேருக்கு வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கிய நாளிலிருந்தே தெரியும். குறட்டையை வைத்துப் பெயர் சொல்வேன் அல்லவா!

முதலில் கேமரா.

கேமரா பதிவு பெரும்பாலும் திருட்டு நடந்த பிறகு போலீசாருக்குப் பயன்படுகிற பொருள். அது எல்லா வீட்டுக்கும் பொது. என் வீட்டில் இன்னொரு கேள்வி உண்டு, அதை யார் பார்ப்பது? மாட்டிவிட்டுப் போகிறவர் போனில் ஒரு செயலியை ஏற்றித் தருவார். என் போனில் டாக்பேக் அதை வாசிக்கும்போது "பட்டன், பட்டன், பட்டன்" என்கிறது. எது முன்னால், எது பின்னால், எது அழிப்பது என்று பெயரே இல்லை. கடவுச்சொல்லை அவரே போட்டுவிட்டு "அப்புறம் மாத்திக்கலாம் மேடம்" என்பார். என் வீட்டின் கண்ணுக்குச் சாவி அவரிடம், வாடகை என்னிடம். நான் ஆளை உட்கார வைத்து, என் ஸ்கிரீன் ரீடரோடு நானே கடவுச்சொல்லைப் போட்டு, பழையதை வைத்து நுழைய முடியவில்லை என்று நானே சோதித்த பிறகுதான் பணம் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் பிடித்தது. அவருக்குக் கோபம்தான். பரவாயில்லை.

ஆக, கேமரா உண்டு. வெளிவாசலில் மட்டும். அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் உள்ளேயும் நாலு மாட்டச் சொன்னான். உங்களுக்கு ராத்திரி எனக்குப் பகல், நான் பார்த்துக்கொள்கிறேன் சித்தி என்று அன்பாகத்தான் சொன்னான். தம்பி, யோசித்துப் பார். அந்தக் கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, அதன் கண்ணில் என்ன படுகிறது, ஸ்டுடியோவைத் தாண்டி என் கூடத்திலும் பாதி தெரிகிறதா, எதுவும் எனக்குத் தெரியாது. அறுபதைத் தாண்டிய பெண்தான், ஆனாலும் என் வீட்டுக்குள் நான் எப்படி இருக்கிறேன் என்பதை எனக்குத் தெரியாமல் இன்னொருவர் பார்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை. பாட வருகிற பெண் பிள்ளைகளுக்கும் அதே மரியாதை உண்டு.

எனக்கு வேண்டியது காதுக்கும் விரலுக்கும் புரிகிற காவல். சொல்லப்போனால் ராத்திரி என் வீட்டில் பூனை நடந்தால்கூட எனக்குத் தெரியும். ஆனால் ஒலிப்பதிவுக் கூடம் என்பது அந்த ஒரு பலத்தையும் பிடுங்கிவிடுகிற இடம். இதை யாருமே எழுதவில்லை. வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாது என்று சுவர், கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைக்கிறோம். அதற்கு மேல் காதில் ஹெட்போன். பதிவு ஓடும்போது வாசலில் லாரி வந்து இடித்தால்கூட எனக்குத் தெரியாது. கண் உள்ளவர்களின் கூடத்தில் இதற்குச் சிவப்பு விளக்கு வைத்திருப்பார்கள், யாராவது மணி அடித்தால் உள்ளே விளக்கு மின்னும். எனக்கு விளக்கு எதற்கு?

நான் செய்துகொண்டது மிகச் சின்ன ஏற்பாடு. கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சுவிட்ச். கதவு மூடியிருக்கும்வரை இரண்டும் ஒட்டி நிற்கும், திறந்ததும் காந்தம் விலகி சுவிட்சின் நிலை மாறும். உடனே போனுக்குச் செய்தி வந்து என் மணிக்கட்டில் இருக்கும் கடிகாரம் அதிரும். வாசல் கதவுக்கு ஒரு முறை, நடுக்கதவுக்கு இரண்டு முறை. சத்தமே இல்லாததால் பதிவும் கெடாது. என் பழைய மாணவன் ஒருவன் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கிறான், அவன்தான் பொருத்திக் கொடுத்தான். இரவில் அதே சுவிட்சை ஒலிபெருக்கிக்கு மாற்றிவிடுவேன். போன வாரம் நெம்பியவரை விரட்டியது அந்தச் சத்தம்தான்.

அப்புறம் பூட்டு. கடைக்குப் போனால் கண்ணாடி மாதிரி வழவழவென்று தொடுதிரைப் பூட்டைக் காட்டுகிறார்கள். அதில் எண்கள் எங்கே இருக்கின்றன என்று தடவிப் பார்த்தாலே அது தவறான எண் என்று எடுத்துக்கொண்டு கத்துகிறது. ஐந்தாம் எண்ணின் மேல் ஒரு சின்னப் புள்ளி மேடாக இருந்தால் போதும், மற்ற ஒன்பதையும் நாங்கள் கண்டுபிடித்துக்கொள்வோம். பழைய பட்டன் போன்களில் எல்லாம் அது இருந்தது. என் கதவில் இருப்பது சாவி போட்டுத் திருகுகிற பழைய மாதிரி கனமான பூட்டு. இரண்டு சுற்றுச் சுற்றினால் நாக்கு வெளியே வருவதை விரலால் தொட்டுப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் கேட்டு வாங்கினேன். உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும். ஒலி அடக்க ஒட்டும் பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும், அதன் புகை விஷம். திருடனுக்குப் பயந்து நெருப்புக்குள் பூட்டிக்கொள்ள முடியாது. பதிவறைக்குள்ளேயே புகை எச்சரிக்கைக் கருவி ஒன்றும் தொங்குகிறது.

அலமாரிக்கு நான் வைத்திருக்கும் முத்திரையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பிரெய்லி சிலேட்டில் அன்றைய தேதியையும் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லையும் குத்தி, அந்தக் காகிதத் துண்டை இரண்டு கதவுக்கும் குறுக்கே ஒட்டிவிடுவேன். காலையில் தொட்டுப் பார்ப்பேன். கிழிந்திருந்தால் தெரியும், வேறு துண்டு ஒட்டியிருந்தாலும் தெரியும். ஐந்து ரூபாய் செலவில்லை. இதை இங்கே எழுதலாமா என்றால் தாராளமாக எழுதலாம், படிக்கிற திருடன் முதலில் பிரெய்லி கற்றுக்கொள்ள வேண்டும். அப்படி வந்தால் நானே சொல்லித் தருகிறேன். மற்ற விவரங்களை எழுத மாட்டேன். திருடனுக்கும் முகநூல் உண்டு.

இப்போது இரண்டாவது யோசனை, நம்பிக்கையான ஆள். இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

என்னிடம் ஒரு பையன் வேலை பார்க்கிறான். பெயர் வேண்டாம். அப்பா இல்லாத பிள்ளை, மாலைக் கல்லூரியில் படிக்கிறான். கேபிள் சுருட்டுவதிலிருந்து வந்தவரை பஸ் ஏற்றுவதுவரை அவன்தான். ஆறு மாதம் முன்பு ஒரு கண்டன்சர் மைக்கைக் காணோம். அன்று வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர் அவன் காதுபடவே, "கண்ணு தெரியாதவங்க வீடு, எடுக்கிறது சுலபந்தானே" என்றார். அந்தப் பையனின் மூச்சு நின்று மறுபடி வந்தது எனக்குக் கேட்டது.

என் வழக்கம் என்னவென்றால், ஒவ்வொரு பதிவு முடிந்ததும் வந்தவர் கிளம்புவதற்கு முன்பே பெட்டியைத் திறந்து எண்ணிவிடுவேன். ஒவ்வொரு மைக்குக்கும் பஞ்சில் அதனதன் வடிவத்தில் குழி வெட்டியிருக்கிறது. கையை ஓட்டினால் காலிக் குழி அகப்படும். ஒவ்வொன்றின் கழுத்திலும் பிரெய்லிப் பட்டை. அன்று காலைப் பதிவு முடிந்து எண்ணும்போது எல்லாம் சரியாக இருந்தது. மதியப் பதிவு முடிந்தபோது வந்தவர்கள் அவசரமாக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு குழி காலி. ஆக, போனது அந்த இரண்டு மணி நேரத்துக்குள். பையன் அப்போது கல்லூரிக் கட்டணம் கட்டப் போயிருந்தான். அவர்கள் சத்திரம் பேருந்து நிலையம் போய்ச் சேர்வதற்குள் போன் செய்தோம். தங்கள் கேபிள்களோடு சேர்த்து இதையும் பைக்குள் போட்டிருந்தார்கள். தெரியாமல் நடந்தது, திருப்பித் தந்து மன்னிப்பும் கேட்டார்கள்.

அந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? நான் அவனைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் ஊர் பட்டிருக்கும், அவனும் ஒரு மாதத்தில் நின்றிருப்பான். சரிபார்க்க வழி இல்லாத முதலாளியிடம் வேலை செய்கிறவன் எப்போதும் பாதிக் குற்றவாளிதான். நம்பிக்கையான ஆளை வைத்துக்கொள் என்கிறவர்கள், எது தொலைந்தாலும் முதல் பழி அந்த ஆள் தலையில்தான் விழும் என்பதை யோசிப்பதில்லை. நான் எண்ணுவது எனக்காக எவ்வளவோ அவ்வளவு அவனுக்காகவும்தான். என் வங்கிக் கடவுச்சொல்லையும் அவனிடம் சொல்ல மாட்டேன். அதுவும் அதே காரணம்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் எனக்கு ஒரு சலுகை உண்டு, உங்களுக்குக் கிடையாது. என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரில் திரையையே கறுப்பாக்கும் வசதி இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இருட்டு, எனக்குக் காதில் எல்லாம் கேட்கும். ரீப்பர் மென்பொருளில் பதிவை ஓட்டிக்கொண்டே கணக்கு வழக்கும் பார்ப்பேன், எட்டிப் பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனால் காதுக்கருவி மாட்ட மறந்தால் போன் ஓடிபியை ஊருக்கே உரக்கப் படித்துவிடும். பார்வையற்ற என் தோழிகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மைக் போனால் இன்னொன்று வாங்கலாம். பதிந்த குரல் போனால் போனதுதான். பிளஸ் டூ பாடம் ஒரு முழுப் பதிவுக்கு ஏழெட்டு மாதம் பிடிக்கிறது. அதனால் மூன்று பிரதி. ஒன்று இங்கே, ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில், ஒன்று தஞ்சாவூரில் என் தங்கை வீட்டு அரிசி டிரம் பக்கத்தில். மூன்றுக்கும் பூட்டு உண்டு. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, அச்சைப் படிக்க இயலாதவர்களுக்காகப் புத்தகத்தை ஒலிவடிவமாக்க வழிசெய்தார்கள். மாரகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடும் நம்முடையது. அந்தச் சலுகை பார்வையற்ற பிள்ளைகளுக்காகக் கொடுத்தது. கோப்புகள் வெளியே கசிந்து யூடியூபில் ஓடினால், எழுதியவர்கள் நாளை எங்களைப் பார்த்துக் கதவைச் சாத்துவார்கள். தவிர, இன்றைக்குக் கொஞ்ச நேரக் குரலை வைத்தே ஒருவரைப் போலப் பேச வைத்துவிடுகிறார்கள். கதை சொன்ன பாட்டியின் குரலில் பேரனிடம் பணம் கேட்டால்? வெளிவேலைக் கோப்புகளை வாடிக்கையாளர் வாங்கிச் சென்ற முப்பதாம் நாள் அழித்துவிடுகிறோம்.

பணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய நூறு ரூபாய்க்கும் ஐந்நூறுக்கும் நீளத்தில் 10 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது, அகலம் ஒன்றுதான். புதிய வரிசையில் நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. கசங்கிய நோட்டில் 4 மில்லிமீட்டரை விரலால் அளப்பதற்குள் வாடிக்கையாளர் வீட்டுக்கே போய்விடுவார். ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட மணி செயலி நோட்டின் மதிப்பைச் சொல்லும், நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று சொல்லாது. அதனால் யுபிஐ, பேசும் பெட்டி. அடுத்தவர் போனில் ஒலிக்கிற சத்தத்தை நம்புவதில்லை, என் பெட்டி பேச வேண்டும்.

மூடிவிடு என்ற சொந்தங்களுக்கு ஒரு செய்தி. கருவிகளுக்குக் காப்பீடு எடுக்கப் போனேன். ஒரு நிறுவனம் (பெயர் எதற்கு) வீடியோவில் அடையாளம் சரிபார்க்க வேண்டும், "கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டுங்கள்" என்றது. சிமிட்டத் தெரியும் அம்மா, எங்கே பார்த்து என்பதுதான் பிரச்சினை. மூன்று முறை நிராகரித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி, அடையாளச் சரிபார்ப்பை மாற்றுத்திறனாளிகளும் முடிக்கும்படி அமைக்க வேண்டும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பொதுவான பயன்பாட்டுப் பொருள்களை எல்லோருக்கும் ஏற்றபடி உருவாக்க அரசு ஊக்கம் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. மூட வேண்டியது என் கூடத்தையா?

காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டேன். வாய்மொழியாகச் சொன்னால் எழுதி, திருப்பி வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சட்டம். கேட்டேன், எழுத்தர் பொறுமையாக வாசித்தார். சிஎஸ்ஆர் ரசீதும் கையோடு கிடைத்தது.

கடைசியாக ஒரு வேலை. பூட்டு, கேமரா, செயலி செய்கிற கம்பெனிகளில் என் மாணவர்கள் குறைந்தது ஐந்து பேர் இருக்கிறீர்கள், யார் யார் என்று எனக்குத் தெரியும். உங்கள் செயலியில் டாக்பேக்கைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கதவைப் பூட்டித் திறந்து பாருங்கள். எந்தெந்தப் பட்டனுக்குப் பெயர் இல்லை என்று பட்டியல் எடுத்து உங்கள் மேலாளருக்கு அனுப்புங்கள், எனக்கும் ஒரு நகல். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள். வீட்டுப்பாடம் முடிக்காதவர்களுக்கு என்ன நடக்கும் என்று நினைவிருக்கும்.