பழமரத்தின் வேரும் நிலத்தின் இயல்பும்

பழமரத்தைப் பற்றிப் பேசுவோர் கனியின் சுவையையும் கிளையின் செழிப்பையும் பாராட்டுவரேயன்றி, மண்ணுள் மறைந்து கிடக்கும் வேரை எண்ணுவார் மிகச் சிலரே. ஒட்டுமரமோ இரண்டு செடிகள் ஒன்றாய் இணைந்தது. கனி தருவது மேலொட்டு, வேரோ அடிக்கன்றினுடையது. அவ்வடிக்கன்றையும் அது நிற்கும் நிலத்தையும் ஒருங்கே ஆராயாமல் தோட்டம் வைப்பது தகாதென்பதே எமது கருத்து.

இங்கிலாந்து தேசத்துக் கெண்ட் பகுதியில், ஈஸ்ட் மாலிங் என்னும் ஊரில் 1913-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஆராய்ச்சி நிலையத்தார், ஆப்பிளின் அடிக்கன்றுகளை இனம் பிரித்து எண்ணிட்டனர். அவற்றுள் 9-ஆம் எண்ணுடையது மரத்தைக் குறுமரமாக்கி விரைவிற் காய்க்கச் செய்வது. ஆயின் அதன் வேர் எளிதில் முறியுமாதலின், மரம் உள்ளளவும் அதற்கு ஊன்றுகோல் வேண்டும்.

ரோஜர்ஸ், விவியன் என்னும் அறிஞர் இருவர் ஆப்பிள் மரங்களை வேரோடு அகழ்ந்து ஆராய்ந்து, 1934-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். வேரின் பரப்பு கிளைப் பரப்பினும் மிகுந்திருந்தது. வலிய அடிக்கன்று பெருமரத்தையும், மெலிய அடிக்கன்று சிறுமரத்தையும் தந்தன. எனினும் ஒரே நிலத்தில் நின்ற மரங்களுள், வேருக்கும் மேற்பகுதிக்கும் உள்ள எடை விகிதம் பெரிதும் வேறுபடவில்லை. நிலம் மாறியபோதே விகிதமும் மாறிற்று. மணலில் வேரின் பங்கு மிகுந்தது.

இதனாற் பெறப்படுவது யாது? மரத்தின் பருமனை அடிக்கன்றும், அம்மரம் தன் வளர்ச்சியை வேருக்கும் கிளைக்கும் பங்கிடும் முறையை நிலமும் பெரிதும் வகுக்கின்றன. ஆதலின், குறுமரக் கன்றே எங்கும் சிறந்ததென்பாரும், நல்ல நிலத்தில் எக்கன்றும் பயன்தருமென்பாரும் உண்மையிற் பாதியே கண்டவராவர். குறுமரக் கன்றை வறிய மணலில் நட்டால், அது வளர்ச்சி குன்றி நிற்கும். வலிய கன்றை வளமிக்க நிலத்தில் நெருங்க நட்டாலோ, மரங்கள் ஒன்றன்மேலொன்று நிழல் வீழ்த்திக் கனி குறையும்.

நடுமுன் குழி தோண்டி மண்ணை அறிவது வீண் வேலை என்பர் சிலர். அஃது ஒருநாள் உழைப்பு. பொருந்தாத கன்றை நட்டதனால் வரும் இழப்போ பல்லாண்டு நிற்கும். நாற்றுப்பண்ணையார் மேலொட்டின் பெயரோடு அடிக்கன்றின் பெயரையும் எழுதிக் கொடுத்தல் கடன். எருவை அடிமரத்தருகே குவிப்பதும் முறையன்று. வேர் பரந்துள்ள இடமெங்கும் இடுதலே தக்கது.

தாவர நூல் பயிலும் மாணவர், இலையும் பூவும் பறித்து ஏட்டில் ஒட்டுவதோடு நில்லாது, மண்வெட்டி கொண்டு ஒரு மரத்தின் வேரையேனும் நுனிவரை தொடர்ந்து காண்பாராக.